வட்டமாகவே இருந்துவிட்ட பெஞ்சுகள்

மூன்று வருஷம் இருக்கும். பொம்மனஹள்ளியில் ஒரு தனியார் பள்ளியில் ஆயம்மாவாக வேலைக்குச் சேர்ந்த புதிது. பூட்டிய பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, பாதி வழியில் திரும்பி வந்து நாலாவது தடவையும் இழுக்கிற ஆள் நான். அப்படிப்பட்ட நானே ஒரு நாள் வேலையில் கோட்டைவிட்டேன்.

அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம். வெளியிலிருந்து யாராவது பார்க்க வந்தால், ஐந்தாம் வகுப்பு பெஞ்சுகளை வட்டமாகப் போட வேண்டும். பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேசிப் படிப்பது புது முறையாம். சுவரில்கூட இங்கிலீஷில் என்னவோ எழுதி ஒட்டியிருந்தது. ‘தைரியமாகக் கேள்வி கேள்’ என்று அர்த்தமாம், ஒரு பிள்ளைதான் படித்துச் சொன்னது. வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பியதும் பெஞ்சுகளைப் பழையபடி வரிசையாக இழுத்துப் போட வேண்டும். இரண்டுமே என் வேலை.

அன்றைக்கும் போட்டோ முடிந்தது. பெஞ்சில் கை வைக்கப் போனேன், எல்.கே.ஜி.யில் ஒரு குழந்தை வாந்தி எடுத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். துடைத்து, உடை மாற்றி, அதன் அம்மா வரும்வரை மடியில் வைத்திருந்தேன். பெஞ்சு ஞாபகம் வந்தபோது அடுத்த பீரியடுக்குப் பெல் அடித்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மாடியில் இருந்த ஐந்தாம் வகுப்புக்கு ஓடினேன்.

வாசலிலேயே நின்றுவிட்டேன். வகுப்பு மிஸ் வட்டத்துக்கு நடுவில் நின்று நிலத்தடி நீர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். எப்போதும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து நின்றிருந்தாள்.

“மிஸ், எங்கப்பா தண்ணி டேங்கர் ஓட்டுறாரு. போர்ல தண்ணி வத்திடுச்சுன்னு சொல்றாரு. ரோடு, வாசல் எல்லாம் சிமென்ட் போட்டாச்சே, மழைத் தண்ணி எந்த வழியா உள்ள போகும்?”

“அதான் ரோடு பூரா குழி இருக்கே, அது வழியா போகும்!” என்றான் ஒரு பையன்.

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டார். “நல்ல கேள்வி. எனக்கே முழுசா தெரியல. உங்க தெருவுல மழைத் தண்ணி எங்க போகுதுன்னு எல்லாரும் பார்த்துட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான், ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள்.

சத்தம் கேட்டு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்துவிட்டார். “ஏன்ரீ இது?” என்று கன்னடத்தில் ஆரம்பித்து, “பெஞ்சை இப்படி விட்டது யாரு?” என்று தமிழுக்கு வந்து என்னைப் பார்த்தார். குழாயை மூட மறந்த ஒரு ஆயம்மாவை போன மாசம்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். கதவோரமாக ஒதுங்கி நின்றேன்.

“நான்தான் மேடம், அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன்” என்றார் மிஸ்.

மேடம் என்னையும் மிஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். “திங்கக்கிழமை டெஸ்ட். போர்ஷன் முடியணும்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் சீக்கிரமே போய், “மிஸ், வட்டமா போடட்டுமா?” என்று நானாகவே கேட்டேன். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! மிஸ் திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

“வேணாம் ஆயம்மா. நாப்பத்தஞ்சு பிள்ளைங்க, ரெண்டு பாடம் பாக்கி. வரிசையாவே இருக்கட்டும்.”

குரலில் கோபம் இல்லை. அவருக்கும் ஆசைதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி கேட்ட அந்தப் பெண் வந்தாள். கையில் ஒரு பேப்பர். தன் தெருவையும் சாக்கடையையும் பென்சிலில் வரைந்திருந்தாள். பெஞ்சுகளைப் பார்த்தாள். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

நான் ஏழாவதோடு நின்றவள். முன்னால் இருப்பவள் முதுகுக்குப் பின்னால் குனிந்தே, டீச்சர் என்னை எழுப்பிக் கேள்வி கேட்டுவிடுவாரோ என்ற பயத்திலேயே நாளைத் தள்ளி, கடைசியில் பள்ளிக்கூடம் போவதையே விட்டுவிட்டேன். வட்டத்தில் கடைசி பெஞ்சு என்று ஒன்று கிடையாதே! இன்றைக்கும் பெஞ்சுகளை நேராக்கும்போதெல்லாம், என் பள்ளிக்கூடத்திலும் ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது பெஞ்சுகளை வட்டமாகப் போட்டுவிட்டு, என்னைப் போல நேராக்க மறந்து தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் தோன்றுகிறது.