மூன்று மணிச் சங்கும் ஒரு ஜோடிச் செருப்பும்

இன்று போத்தனூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, நீங்க நர்ஸம்மாதானுங்களே? ஆஸ்பத்திரியில எங்கய்யன் கைக்கட்டை அவுத்து உட்டது நீங்கதானுங்க!"

ஆமாம், நான்தான். தொண்ணூறுகளில் நடந்தது.

அவருடைய அப்பா முப்பது வருஷம் மில்லில் மதிய ஷிப்டு பார்த்தவர். வயதாகி எங்கள் வார்டுக்கு வந்தவர், கட்டிலை விட்டு இறங்கி இரண்டு முறை விழுந்துவிட்டார். கையைக் கட்டிலோடு கட்டச் சொல்லிவிட்டார் பெரிய டாக்டர். துணி உராய்ந்து மணிக்கட்டு புண்ணாகிவிட்டது.

இரண்டு நாள் கவனித்தேன். மூன்று மணிக்குப் பக்கத்து மில்லில் சங்கு ஊதும்போதுதான் துள்ளுகிறார்.

"உடு கண்ணு, ஷிப்டுக்கு நேரமாச்சு."

மற்ற நேரமெல்லாம் சாது.

கட்டை அவிழ்த்தேன். சங்குக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே அவர் காலில் செருப்பை மாட்டிவிட்டு, கையைப் பிடித்து வராந்தாவின் கோடி வரை நடத்திக் கூட்டி வந்தேன். "ஷிப்டு முடிஞ்சு போச்சுங்கய்யா" என்றதும் படுத்துக்கொண்டார். தினமும் அப்படியே.

"விழுந்தா யாரும்மா பொறுப்பு?" என்று கத்தினார் டாக்டர்.

"நானுங்க சார். அந்தக் கைப்புண்ணுக்கு யாருங்க பொறுப்பு?"

மெமோ வந்தது. வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போகும்வரை அவர் விழவே இல்லை.

கட்டிப்போடுவதுதான் பாதுகாப்பு என்பவர்கள் கீழே கமெண்டில் தாராளமாகத் திட்டலாம். ஒரே ஒரு நிபந்தனை. அரைமணி நேரம் கட்டிலோடு கட்டுண்டு கிடந்துவிட்டு, கைக்கட்டு அவிழ்ந்ததும் எழுதுங்கள்.