வெற்றிலை வாங்காத தாசில்தார்

வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். ஏறினேன் என்பதோடு சரி, பஸ் கிளம்ப ஏழேகால் ஆயிற்று. சண்டை வந்த நாளாகப் பெட்ரோலெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது. நமக்கு வாய்த்தவை முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடுகிற பஸ்கள். கண்டக்டர் அடுப்பை ஊதிக்கொண்டே, "அம்மணிக்கு இன்னும் பசியாறலீங்க, செத்த பொறுங்க" என்றார். அம்மணி என்றது பஸ்ஸை.

நாமக்கல் முப்பது மைலுக்குச் சற்று மேல். கட்டணம் பன்னிரண்டு அணா. மேடு வந்த இரண்டு இடங்களில் இறங்கித் தள்ளினோம், அதற்குக் கழிவு ஒன்றும் கிடையாது. பத்தரை மணிக்கு நாமக்கல் பாறையும் உச்சியில் கோட்டையும் தெரிந்தன. பாளையக்காரர், மைசூர்க்காரர், கும்பெனியார் என்று எத்தனை பேர் கைமாறிய கோட்டை! பார்த்திருக்கிறீர்களா என்று கண்டக்டரைக் கேட்டேன். "ஏறிப் பார்த்தேனுங்க. மேல ராசா ஆருமில்லீங்க. கீழ எறங்கி வந்தா செருப்பைக் காணமுங்க" என்றார். வண்டி முழுவதும் சிரித்தது.

பரமத்தி வேலூருக்கு வேறு பஸ். பதினொன்றரை மணிக்குக் கிளம்பியது. பக்கத்து இருக்கையில் நல்லாயி என்ற அம்மாள் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். மடியில் ஈரத் துணி சுற்றிய வெற்றிலைக் கட்டு. வேலூரில் அரை ஏக்கர் கொடிக்கால் வைத்திருப்பவர். கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். மேல்தோட்டத்துப் பண்ணைக்காரர் வாய்க்காலின் குறுக்கே மூங்கிலும் மண்ணும் போட்டு அடைத்துவிட்டாராம். தாசில்தாரிடம் முறையிட நாமக்கல் தாலுகாக் கச்சேரிக்குப் போனால், அவர் வேலூர் பிரயாணிகள் பங்களாவில்தான் முகாம் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

"எங்கூட்டுக்குப் பக்கத்துலயே வந்து எறங்கியிருக்காரு. நானு அவரைத் தேடி நாமக்கல் போய்ட்டு வாரேன்" என்று தன்னையே கேலி செய்து சிரித்துக்கொண்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "ஞாயித்துக்கெளமைக்குள்ள தண்ணி வரோணும் சாமி. இல்லாட்டிக் கொடி சுருண்டு போயிரும். அப்பறம் நானும் கூலிக்குத்தான் போகோணும்" என்றார்.

பன்னிரண்டரைக்கு வேலூர். நான் தங்குவதற்குக் கேட்டிருந்ததும் அதே பங்களாதான். காவல்காரர் கோடி அறையை ஒழித்துத் தந்தார். கைகால் கழுவிக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்தபோது நல்லாயி தாசில்தாருக்கு எதிரே நின்றிருந்தார்.

தாசில்தார் இளவயதுக்காரர், வேறு ஜில்லாவிலிருந்து புதிதாக வந்தவர். முகாம் போகிற ஊரில் பால், கோழி, விறகு எதுவும் இனாமாக வாங்குவதில்லை, மோருக்குக்கூடக் காசு கொடுத்துவிடுகிறார் என்று காவல்காரர் கதைபோலச் சொன்னார். நல்லாயி முறையிட்டதைத் தாசில்தார் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் அந்த அம்மாள் வெற்றிலைக் கட்டை நீட்டினார்.

"வேண்டாம் அம்மா. எடுத்துக்கொண்டு போங்கள்."

"வெத்தலைதானுங்க சாமி..."

"ஓர் இலைகூட வேண்டாம்."

நல்லாயியின் முகம் செத்துப்போயிற்று. எனக்குப் புரியவில்லை. காவல்காரர்தான் காதோடு சொன்னார். இந்தப் பக்கத்தில் வெற்றிலை வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்தது, மனஸ்தாபம் இல்லை என்று பொருளாம். வாங்க மறுத்தால் காரியம் நடக்காது, அல்லது கொடுத்தது போதாது. மூன்றாவது அர்த்தம் ஒன்று இருக்கலாம் என்று வேலூரில் யாருக்கும் தோன்றியதில்லை.

நல்லாயி படியிறங்கிப் போய்ப் பத்து நிமிஷம் இருக்காது. தாசில்தார் தம் டவாலிச் சேவகர் மாரப்பனைக் கூப்பிட்டார். "காலையில் வாய்க்கால்களைப் பார்க்க நடந்து போனபோது அந்த அடைப்பை நானே பார்த்தேன். அந்தம்மா சொல்வது நிஜம். பொழுது சாய்வதற்குள் அடைப்பை எடுத்துவிட வேண்டும் என்று பண்ணையில் சொல்லிவிட்டு, அந்த அம்மாளிடமும் சொல்லிவிட்டு வா" என்றார். என் காதால் கேட்டேன். மாரப்பனும் கேட்டார்.

நாலரை மணிக்குக் காவேரியைப் பார்க்கக் கிளம்பினேன். இருபுறமும் அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடி ஏறி, உள்ளே நிழல் இருட்டாகக் கிடந்தது. நல்லாயி வீட்டு வாசலில் மாரப்பன் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மாள் ஒரு செவலைக் கிடாரிக் கன்றை அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த ஒரே மாடு அது. அடுத்த வருஷம் கறவைக்கு வரும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "ஏனம்மா, உத்தரவு மத்தியானமே ஆகிவிட்டதே! நான் பக்கத்திலேயே இருந்தேன்" என்றேன்.

மாரப்பன் கொஞ்சமும் பதறவில்லை. "ஐயா சொல்றது நெசந்தானுங்க. உத்தரவு ஆயிப்போச்சு. இதெல்லாம் எதுக்குங்க?" என்று கயிற்றைத் திருப்பி நீட்டினார்.

உண்மையைத்தான் சொன்னார். ஆனால் நல்லாயி நடுங்கிப்போனார். "பாத்தீங்களா, இவரும் வேண்டாங்கறாரு!" என்று உள்ளே ஓடி, கால் கட்டிய இரண்டு கோழிகளைக் கொண்டுவந்து கன்றோடு சேர்த்துக் கொடுத்தார். மாரப்பன் பெருமூச்சு விட்டு வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்ற சொல்லுக்கு இவ்வளவு விளைச்சல் உண்டு என்று அவர் என்றைக்கோ கண்டுபிடித்திருக்க வேண்டும்.

அவர் போன பிறகு, "நான் தாசில்தாரிடம் சொல்லிக் கன்றைத் திருப்பி வாங்கித் தருகிறேன்" என்றேன்.

நல்லாயி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகுது சாமி, ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. கெடாரி திரும்பி வந்தா தண்ணி திரும்பிப் போயிருமுங்க."

வெள்ளிக்கிழமை விடியும்போது வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. நல்லாயி கொடிக்காலுக்குள் முழங்கால் சேற்றில் நின்று பாத்தி பாத்தியாகத் திருப்பிக்கொண்டிருந்தார். "கெடாரி வேலை செஞ்சுருச்சு பாத்தீங்களா சேலத்தாரே! நேத்து என்னமோ சொன்னீங்களே!" என்று சிரித்தார். ஈரக் கையால் பத்து இலை கிள்ளிக் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தைரியம்? வாங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

சேலத்தில் எங்கள் செவ்வாய்ப்பேட்டையும் உத்தமமான இடமில்லை. கடைக்கு லைசென்ஸ் பார்க்க வருகிறவருக்கு நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, தேங்காய்மூடி கட்டிக் கொடுத்துத்தான் அனுப்புகிறோம். அவர் காப்பியைத் தொடாமல் எழுந்தால் அன்று இரவு எனக்கும் தூக்கம் வராது. பேராசைக்காரன் ஊரைக் கெடுப்பான் என்று நினைத்திருந்தேன். வேலூரில் பார்த்தது வேறு. ஒரு நல்ல மனிதர் காலையில் வெயிலில் நடந்து நியாயத்தைக் கண்டுபிடித்து இனாமாகக் கொடுக்கிறார். சாயங்காலம் அதை அவருடைய நிழலே விற்றுவிடுகிறது. வாங்கினவருக்கும் திருப்தி.

ஏழரை மணி பஸ்ஸுக்காகப் பங்களா வாசலில் மூட்டையோடு நின்றேன். தாசில்தார் தாழ்வாரத்தில் மோர் குடித்து, அதற்கான அரையணாவைக் காவல்காரரிடம் எண்ணிக் கொடுத்தார். என்னைப் பார்த்து, "ஊர் பிடித்ததா?" என்றார். சொல்ல வேண்டியதெல்லாம் நுனிநாக்குக்கு வந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தமும் கேட்டது. "பிடித்தது" என்றேன்.

அப்போது பங்களாவின் பின்புறம் செவலைக் கிடாரி அடிவயிற்றிலிருந்து கத்தியது.

தாசில்தார் தலையை நிமிர்த்தி, "மாரப்பா, பாவம், அந்தக் கன்றுக்குத் தண்ணீர் காட்டினாயா?" என்று கேட்டார்.

"காட்டியாச்சுங்க சாமி."