ஆர்க்கும் ஊர்ப் பிள்ளையும்

டென்மார்க்கில் வாழ்க்கைப்பட்ட என் தங்கை அந்த நாட்டு மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த காலம். போர் முடிந்து சில வருடங்களாகியிருந்தன. ஒருநாள் பின்னேரம் தொலைபேசியில் "ஆர்க்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்தா, இதுக்கு ரெண்டு பூர்வீகம். கடதாசித் தாளும் ஆர்க், நூஹ் நபிட கப்பலும் ஆர்க். தாள் லத்தீன்ல வில்லுக்கு இரிக்கிற சொல்லுல இருந்து வந்ததாம், வளைச்சு மடிக்கிறதால. கப்பல் பெட்டிக்கு இரிக்கிற சொல்லுல இருந்து. அகராதியில நம்பர் போட்டு, பக்கத்துல பக்கத்துல வச்சிரிக்கிறாங்க."

"இப்ப அதுகளை எந்த மொழிச் சொல்லெண்டு செல்லுறாங்க?"

"டேனிஷ் எண்டுதான். வேறென்ன?"

எனக்கு வயிறெரிந்தது. எங்கிருந்தோ வந்த இரண்டு சொற்களுக்குக் கிடைத்த இடம் என் மகளுக்குக் கிடைக்கவில்லை. அது கிடையாதென்று அன்று காலையில்தான் அவளுடைய பாடசாலையில் கேட்டுவிட்டு வந்திருந்தேன்.

பாடசாலை விழாவில் "எங்கள் ஊர் புத்தளம்" என்று பேச அவளைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். பேச்சை அவளே எழுதி டீச்சரிடம் கொடுத்திருந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டனுப்பி, கதிரையை இழுத்துப் போட்டு, மிகவும் மரியாதையாகச் சொன்னார்.

"கோவிக்காதீங்க. ஊரைப் பத்திப் பேசுறதுக்கு ஊர்ப் பிள்ளை ஒண்டு நிண்டாத்தான் பொருத்தம். பேச்சு நல்லா இரிக்கி. அதை வேற பிள்ளைக்குக் குடுப்பம்."

"என்ட மகள் புத்தளம் ஆஸ்பத்திரியில பிறந்தவ, டீச்சர்."

"ஓம், தெரியும். ஆனா நீங்க மன்னார்தானே."

மன்னார்தான். தொண்ணூறில் போராளிகள் வடக்கு முஸ்லிம்களான எங்களை விரட்டியபோது உம்மாவின் கையைப் பிடித்துப் படகேறி, புத்தளம் பக்கத்துக் கற்பிட்டியில் இறங்கினேன். இந்த ஊர்ச் சனம் எங்களுக்குச் சோறாக்கித் தந்தது. அதை மறந்தால் நான் மனுஷியில்லை. அந்தச் சோற்றுக்காக என் மகளும் காலமெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டுமா? போர் முடிந்தபின் எங்கள் பழைய வீட்டு வளவைப் பார்க்க அவளையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி எங்களைக் கண்டதும் உள்ளே திரும்பி, "புத்தளத்தாக்கள் வந்திரிக்கிறாங்க" என்றாள். அங்கே போனால் புத்தளம், இங்கே வந்தால் மன்னார்.

டீச்சர் எனக்கு இழுத்துப் போட்டாரே கதிரை, அந்தச் சொல்லே போர்த்துக்கீசரோடு கப்பலில் வந்தது. அதை யாரும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கலாமே என்று இரவெல்லாம் பல்லைக் கடித்தேன்.

விழாவன்று மகளின் பேச்சைப் பாடமாக்கிய ஊர்ப் பிள்ளை மேடையேறியது. அதன்மேல் எனக்குக் கோபமில்லை. பாவம், வியர்த்துக் கொட்டியது. என் பக்கத்தில் மகளின் உதடுகள் அந்தப் பேச்சோடு சேர்ந்து அசைந்தன. பாதியில் பிள்ளைக்கு மறந்துவிட்டது. சபை சிரிக்கத் தொடங்க, டீச்சர் பதறிப்போய்த் தாளைத் தேடினார்.

மகள் எழுந்து நின்றாள். நான் தடுக்கவில்லை.

"நான் பிறந்து வளர்ந்த புத்தளம்" என்றாள், கடைசி வரிசைவரை கேட்கும்படி.

மேடையிலிருந்த பிள்ளை அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்லி முடித்தது. முன்வரிசையிலிருந்த ஒரு பெண் என் பக்கம் திரும்பினாள்.

"இது எந்த ஊர்ப் பிள்ளை?"

"இப்பதானே செல்லிச்சு" என்றேன்.