முன்னூறு பேர் கண்டுபிடித்த சுவர்

என் அக்காவின் கணவர் கொத்தனார். ஊரார் வீட்டுச் சுவர்களையெல்லாம் நூல் பிடித்துக் கட்டியவர், தன் சொந்த வீட்டின் மேற்குச் சுவருக்கு மட்டும் வெளிப்பூச்சுப் பூசவில்லை. கேட்டால் "அடுத்த மாசம்" என்பார். வீடு கட்டி இருபத்திரண்டு வருடமாகியும் அந்த அடுத்த மாசம் வரவில்லை. அக்கா கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டாள்.

மாமாவுக்கு எங்கே போனாலும் சுவர்தான் கண்ணில் படும். துக்க வீட்டுக்குப் போனால்கூட முதலில் சுவரைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். தெருவில் நடக்கும்போது நிறுத்திக் காட்டுவார். "இது நம்ம குட்டையன் கட்டினது. காலையில ஒழுங்கா கட்டியிருக்கான். சாப்பிட்டுட்டு வந்து கட்டின எட்டு வரிசையப் பாரு, தூங்கிட்டே கட்டியிருக்கான்." நான் வயரிங் வேலை செய்கிறவன். சுவரில் ஓட்டை போடுகிறவன் என்பதால் என் தொழிலின் மேல் அவருக்கு மரியாதை கிடையாது. மச்சானாகப் போய்விட்டேன் என்று பொறுத்துக்கொண்டார்.

நான்கு வருடத்துக்கு முன் சாரம் முறிந்து இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. வலது கையால் தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது. வீட்டில் இருப்பதே ஒற்றை அறையும் சமையல் மூலையும்தான். அந்த மேற்குச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டு அவரைப் படுக்க வைத்தோம். அக்கா வாசல் பக்கம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அன்றிலிருந்து அவருக்கு உலகம் என்றால் அந்த அறைதான்.

போன வருடம் மாவட்ட அலுவலகத்துக்கு ஒரு யோசனை வந்தது. மாவட்டத்தில் உள்ள பழைய இடங்களை மக்கள் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று ஒரு புதையல் வேட்டை ஏற்பாடு செய்தார்கள். கோட்டை, கலங்கரை விளக்கம், பழைய பாலம் என்று பன்னிரண்டு இடம். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன டப்பாவும் அதற்குள் ஒரு நோட்டும் ஒளித்து வைத்திருக்கும். போன் காட்டுகிற புள்ளிக்குப் போய், தேடி எடுத்து, நோட்டில் பெயர் எழுதிவிட்டு இருந்தபடியே வைக்க வேண்டும். பன்னிரண்டையும் கண்டுபிடித்தால் சான்றிதழ். நல்ல விளையாட்டுதான், யாருக்கும் கெடுதல் இல்லாத விளையாட்டு என்றுதான் நானும் நினைத்தேன்.

ஏழாவது இடம் இருநூறு வருடத்துப் பழைய சுங்கச்சாவடி. கால்வாய்க்கு அந்தப் பக்கம் முள்ளுக்குள் பாதிச் சுவராக நிற்கிறது. அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைக் கணினியில் ஏற்றிய புண்ணியவான் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி அடித்துவிட்டார். காகிதத்தில் அது இரண்டு இலக்கம். தரையில் ஒரு கால்வாயும் நான்கு தெருவும் தாண்டி, புள்ளி சரியாக எங்கள் மாமாவின் மேற்குச் சுவரில் வந்து உட்கார்ந்தது.

அந்தச் சுவரும் பார்ப்பதற்குத் தோதாக இருந்து தொலைத்தது. இடித்துக்கொண்டிருந்த ஏதோ பழைய கிட்டங்கியிலிருந்து மாமா செங்கல் வாங்கி வந்து கட்டியிருந்தார். பெரிய பெரிய கல், கருஞ்சிவப்பு. பூச்சும் இல்லை, மேலே பாசி வேறு. பார்க்கிறவன் சுங்கச்சாவடி என்றால் நம்பத்தான் செய்வான்.

முதலில் வந்த இரண்டு மூன்று கூட்டம் டப்பா கிடைக்காமல் திரும்பியது. அப்புறம் வந்த ஒருவருக்குப் பதினொன்று முடிந்து இது ஒன்றுதான் பாக்கி போல. கையிலிருந்த சோப்பு டப்பாவில் ஒரு நோட்டை மடித்து வைத்து, ஒரு கல்லை நெம்பி எடுத்து, பின்னால் சொருகிவிட்டு, 'பழையது தொலைந்துவிட்டது, புதியது வைத்திருக்கிறேன்' என்று இணையத்தில் எழுதிவிட்டுப் போய்விட்டார். இந்த விளையாட்டில் இப்படி ஒரு பழக்கம் இருக்கிறதாம். அதற்கப்புறம் வந்த அத்தனை பேருக்கும் டப்பா கிடைத்தது.

அக்கா அதை எடுத்துக் குப்பையில் போட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொருவர் வேறொரு கல்லை நெம்பி வேறொரு டப்பா வைத்தார். அவள் போடப் போட அவர்கள் வைத்தார்கள். அவள் சும்மா இருந்திருந்தால் ஒரு கல்லோடு போயிருக்கும். இது புரிவதற்குள் பதினாறு கல் ஆடிக்கொண்டிருந்தது.

மாமா உள்ளே படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். முதல் நாள் ஒரு பெரிய மனிதர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தன் வீட்டம்மாவிடம் சொல்லியிருக்கிறார்: "இருநூறு வருஷம் ஆச்சு, இன்னும் எப்படி நிக்குது பாரு. இப்பல்லாம் யாரு இப்படிக் கட்டறாங்க?"

"நான் கட்டறேன்யா!" என்று மாமா உள்ளேயிருந்து கத்தினாராம். சாயங்காலம் நான் போனபோது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். விழுந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சிரிப்பு ஒரு வாரம் இருந்தது. கல் பெயர்க்கிற சத்தம் காதுக்குப் பக்கத்திலேயே கேட்க ஆரம்பித்ததும் அவர் நிஜமாகவே கத்தினார். "அது என் சுவருடா! கைய எடுங்கடா!" ஒரு நோட்டில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'உள்ளிருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்து வரவேற்கிறார். அருமையான ஏற்பாடு.' அதைப் படித்தபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யாரிடம் காட்டுவது?

அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் நிதானமாகக் கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"பாருங்க சார், முன்னூத்திப் பன்னெண்டு பேர் கண்டுபிடிச்சிருக்காங்க. போட்டோவோட போட்டிருக்காங்க. நீங்க ஒருத்தர் வந்து அங்க ஒண்ணும் இல்லைங்கறீங்க."

"அது எங்க மாமா கட்டின வீடுங்க. அங்கதான் படுத்திருக்காரு."

"புராதனச் சின்னத்துலயா குடியிருக்கீங்க?" என்றார் அவர், பேனாவை எடுத்துக்கொண்டு.

நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். புள்ளியை மாற்ற வேட்டை நடத்திய குழுதான் எழுதித் தர வேண்டுமாம். குழுவைக் கலைத்துவிட்டார்களாம்.

வானம் கறுக்கத் தொடங்கியிருந்தது. சுவர் நடுவில் வயிறு தள்ளிவிட்டது. "ஈரம் எறங்கினா தாங்காது மச்சான், பூசிரு" என்றார் மாமா. நானே சிமெண்டு குழைத்து ஓட்டைகளை அடைக்க ஆரம்பித்தேன். மூன்று அடைத்திருப்பேன், வேட்டைக்கு வந்த ஒருவர் படம் எடுத்து, பழஞ்சுவரை நாசம் செய்கிறார்கள் என்று புகார் அனுப்பிவிட்டார். மறுநாள் ஒரு பலகை வந்தது. ஆய்வு முடியும் வரை இந்தச் சுவரைத் தொடவோ மாற்றவோ கூடாது, மீறினால் தண்டனை. அந்தப் பலகையை அடிக்கவும் எங்கள் சுவரில்தான் இரண்டு ஓட்டை போட்டார்கள்.

கட்டிலை எதிர்ப் பக்கம் நகர்த்தினோம். மழை வந்து சுவர் சாய்ந்தால் ஓட்டுக்கூரையும் கூடவே இறங்கும். மாமாவைத் தூக்கிக்கொண்டு ஓட அக்கா ஒருத்தியால் முடியாது. அவள் மெஷினை மிதிப்பாள், நிறுத்துவாள், சுவரைப் பார்ப்பாள்.

நான் அலுவலகத்துக்குப் பதினொரு தடவை நடந்த பிறகு ஆய்வுக்கு ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். நல்ல மனுஷி. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார். சுவரை இரண்டு இடத்தில் சுரண்டிப் பார்த்தார்.

"இது சிமெண்டுக் கலவை. இருபத்தஞ்சு வருஷம்கூட இருக்காதுங்க. இதப் போய் யாரு சாவடின்னு சொன்னது?"

மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "இருபத்திரண்டு வருஷம்மா. நான் கட்டினது" என்றார். ஐந்து மாதமாகக் கத்திய கத்தலுக்கு முதல் முறையாக ஒருவர் தலையாட்டினார்.

இன்ஜினியர் அம்மா படிவத்தை எடுத்தார். சேதத்துக்கான காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டம் இருந்தது. ஒன்று, தொன்மை. இன்னொன்று, கட்டுமானக் குறை.

"ஆளுங்க வந்து புடுங்கினாங்கன்னு போட எடம் இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க. நான் கையால எழுதலாம். எழுதினா மேல போகும், விசாரணை வைப்பாங்க, அதுவரைக்கும் பலகை இங்கதான் இருக்கும். தொன்மைன்னு போட்டா தொடவே முடியாது. ரெண்டாவதப் போட்டா இன்னைக்கே உத்தரவு தரேன், நாளைக்கே இடிச்சுக் கட்டிக்கலாம்." கொஞ்சம் தயங்கினார். "கட்டினவரு கையெழுத்து வேணும்."

அக்கா மாமாவைப் பார்க்காமல் வெளியே வானத்தைப் பார்த்தாள்.

"எழுதும்மா" என்றார் மாமா. எழுதி முடித்ததும், "படி மச்சான்" என்றார்.

படித்தேன். வீட்டு எண், தெரு, சுவரின் நீளம், உயரம், கட்டியவர் என்று அவர் பெயர்.

"ஒரு வரி விட்டுட்டே."

"காரணம், கட்டுமானக் குறை" என்று படித்தேன்.

அவர் இடது கையை நீட்டிப் பேனாவைக் கேட்டார். கையெழுத்துப் போட நிறைய நேரம் ஆனது. அந்த அம்மா அட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மறுநாளே அக்காவையும் மாமாவையும் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். கூரைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இடிக்க மூன்று பேர் வந்தார்கள். கல் பெயர்ந்த நடுப்பகுதி அரை மணியில் இறங்கிவிட்டது. இரண்டு முனையும் அசையவில்லை. கடப்பாரையால் குத்தக் குத்தக் கல் உடைந்ததே தவிர, கலவை விடவில்லை. மதியம் தாண்டியும் முனைகள் அப்படியே நின்றன. அவர்களில் மூத்தவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்கு வந்து தண்ணீர் கேட்டார்.

"ஒரு காலை வேலைன்னு நெனச்சு வந்தோங்க. என்னமா கட்டியிருக்கான்! யாருங்க கட்டினது?"

அக்கா வாயைத் திறந்தாள். மாமா கையைத் தூக்கி அவளை நிறுத்தினார்.

"அது ஆபீஸ்ல எழுதியிருக்குப்பா" என்றார். "அங்க போய்க் கேளு."