கல்லறையில் வைத்த நித்தியகல்யாணி

என் மனைவியின் கல்லறையில் நான் வைத்த சாமந்தி மாலையை மான் தின்றுவிட்டது. எங்கள் மாதா கோயில் பங்கின் கல்லறைத் தோட்டம் ஓமலூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் இருக்கிறது. சுற்றுச்சுவர் பாதியில் நின்றுபோனதால் வெயில் சாய்ந்ததும் மான்கள் உள்ளே வந்துவிடும். அடுத்த வாரம் ரோஜா வைத்தேன், அதுவும் போயிற்று. மானுக்கு நான் வாராவாரம் விருந்து வைக்கிறேன் என்று கோயிலில் கேலி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மான் தின்னாத செடி கேட்டுப் போனபோது நர்சரிக்காரம்மா நித்தியகல்யாணி நாற்றுகள் சிலவற்றைக் கொடுத்தார். "இது கசப்புங்க. ஆடு மாடே மோந்து பாத்துட்டுப் போயிருமுங்க. நல்லா வெயில் மட்டும் படோணும்."

வெயிலுக்கா அங்கே பஞ்சம்! உயிரோடு இருந்தவரை அவள் இந்தச் செடியை வாசலில் வைக்க விட்டதில்லை, சுடுகாட்டுப் பூ என்பாள். இப்போது சண்டை போட ஆளில்லை. அதை நினைத்து மொபெட்டில் வரும்போதே அழுதேன்.

கல்லறையைச் சுற்றி நட்டு, கேனில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். செடிகள் பிடித்துக்கொண்டன, கோடையிலும் பூத்தன. மான்களின் குளம்படி சுற்றிலும் கிடக்கும், ஓர் இலைகூடக் குறையாது. வண்ணத்துப்பூச்சிகள் வர ஆரம்பித்தன. அத்தனை கல்லறைகளில் அவளிடம் மட்டும் ஏதோ நடமாட்டம் இருந்தது. அவள் தனியாக இல்லை என்று நானே சொல்லிக்கொள்ள அது ஒன்றுதான் எனக்கு இருந்தது.

கல்லறைத் திருநாளுக்கு முன்பு காய்ச்சலில் படுத்துவிட்டேன். திருநாளன்று காலை மெழுகுவர்த்தியோடு போனால், செடிகள் எல்லாம் பழுத்துச் சுருண்டு கிடந்தன. ஒரு வண்ணத்துப்பூச்சி அவற்றைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

திருநாளுக்கு முன் எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்களின் குழுவான அன்பியத்து ஆண்கள் சேர்ந்து தோட்டத்தைச் சுத்தம் செய்வது வழக்கம். முன்பெல்லாம் மண்வெட்டி, இப்போது முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு களைக்கொல்லி. அவர்களில் ஒருவர், போர்வெல் போடும் ரிக் வண்டியில் வேலை பார்ப்பவர், சிரித்தபடி வந்தார்.

"ஏனுங்கய்யா, பாத்தீங்களா? உங்களுக்கு ஒடம்பு செரியில்லைன்னாங்க. அம்மா கல்லறையச் சுத்தி ஒரே பொதராக் கெடந்துச்சு. நாங்களே ரெண்டு தடவ மருந்தடிச்சு உட்டோமுங்க."

கெட்ட வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. நல்ல மனிதர். திட்டி என்ன ஆகப்போகிறது? "ரொம்ப சந்தோசமுங்க" என்றேன்.

அவர் விடவில்லை. அவளை ஒட்டி எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் வெறும் மண்ணைக் காட்டினார்.

"பக்கத்துல உங்க எடத்தையும் சேத்தே அடிச்சுட்டோமுங்க. இனி ஒண்ணும் மொளைக்காதுங்க."