வெற்றிலை சுற்றிய உறுப்பினர் படிவம்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மொத்தச் சந்தையில் கங்கோங் கீரைக் கூடை தூக்கினேன். பதினோரு பேரைச் சேர்த்துக் காய்கறி வணிகர், வளர்ப்போர் சங்கம் தொடங்கினேன். "கூடை தூக்குறவனுக்கெல்லாம் சங்கமா?" என்று சிரித்தவர்களே பிறகு வரிசையில் நின்று உறுப்பினர் ஆனார்கள். லாரி இறக்கும் இடத்துக்குக் கூரை வந்தது என்னால். குளிர் அறை வந்தது என்னால். கார் நிறுத்துமிட மாடிகளில் கீரை வளர்க்க வந்த படித்த பிள்ளைகளையும் சங்கத்தில் சேர்த்தது நான்தான். இதையெல்லாம் ஆங்கிலம் தெரியாமல் செய்தேன். ஆங்கிலம் தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

1. இரும்பு பீரோ

நான் தலைவராக இருந்தவரை உறுப்பினர் படிவங்கள் ஓர் இரும்பு பீரோவில் இருந்தன. ஐசி என்கிற அடையாள அட்டையின் நகல், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் அதில் இருக்கும். சாவி என் இடுப்பில். யார் படிவத்தைக் கேட்டாலும் "எதுக்கு?" என்பேன். பதில் பிடிக்காவிட்டால் பீரோ திறக்காது.

லலிதா என்று ஒரு மாடிப் பண்ணைக்காரப் பெண். பெயரை மாற்றியிருக்கிறேன். அடிக்கிற கணவனை விட்டு மகளோடு வெளியேறியவர். நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவும் வாங்கியிருந்தார். பண்ணை எங்கே என்று கணவனுக்குத் தெரியும். அங்கே நாலு பேர் நடமாட்டம் உண்டு. குடியிருக்கும் வீடு தெரியாது. படிவத்தை என் கையில் கொடுத்தபோது, "ஐயா, இந்த அட்ரஸ் வெளிய போச்சுன்னா நான் மறுபடி ஓடணும்" என்றார்.

"என் பீரோவைத் தாண்டிப் போகாதும்மா" என்றேன். அவர் வீடு எந்தக் குடியிருப்புப் பேட்டையில் என்று இங்கேயும் எழுதமாட்டேன்.

2. பன்னிரண்டு எழுத்து பாஸ்வேர்டு

எனக்குப் பிறகு வந்த நிர்வாகம் வினோதா என்ற பெண்ணை மேலாளராக வைத்தது. இரண்டு நாள் வகுப்புக்குப் போய்த் தரவுப் பாதுகாப்பு அதிகாரி என்று சான்றிதழ் வாங்கி, அதைச் சுவரிலும் மாட்டினார்.

"ஐயா, இந்த மாதிரி பீரோ எல்லாம் ரிஸ்க் லா. எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி கிளவுட்ல போட்டாச்சு. பாஸ்வேர்டு பன்னெண்டு எழுத்து, யாரும் உடைக்க முடியாது."

"தாளு எங்கம்மா?"

"ஷ்ரெட்டிங் கம்பெனி வந்து எடுத்துட்டுப் போய்த் துண்டு துண்டா வெட்டிடும். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

அதிகாரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வந்துவிட்டேன். மூன்றாம் வகுப்புக்காரன் வேறென்ன சொல்வது?

3. தேக்கா சந்தையில் ஒரு வெள்ளிக்கிழமை

அம்மனுக்கு வெற்றிலை வாங்க ஹமீது பாய் கடைக்குப் போனேன். சங்கத்தின் பழைய உறுப்பினர் அவர். வீட்டில் பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்று நடந்தவன், தாளில் ஈரத்தோடு ஒரு முகம் தெரியவும் நின்றுவிட்டேன். ஐசி நகல். மூலையில் என் கையால் எழுதிய வரிசை எண்.

கடைக்கே திரும்பிப் போய், "பாய், இது ஏது?" என்றேன்.

"நம்ம சங்கத்து வாசல்லதான் அண்ணே, வழக்கமான மூலையில இருந்துச்சு. நல்ல தடிமன். இப்பல்லாம் பேப்பர் யாரு வாங்குறா?"

சங்கத்து வாசல் மூலையில் பழைய செய்தித்தாள் அடுக்கியிருக்கும். பெட்டிக்கு அடியில் போட்டால் கீரை வியர்க்காது என்று வேண்டிய உறுப்பினர் அள்ளிப் போவார்கள். அதிகாரி அம்மா, ஷ்ரெட்டிங் லாரிக்கான கட்டுகளை அந்த மூலையிலேயே வைத்திருக்கிறார்!

பாய் எடுத்தது ஒரே கட்டு. மாடிப் பண்ணைக்காரர்களின் கட்டு. அங்கேயே உட்கார்ந்து வரிசை எண்ணைப் பார்த்தேன். என் கையில் இருந்ததைத் தவிர மூன்று தாள் இல்லை. அதில் பதினேழாம் எண் லலிதாவுடையது.

"காலையில யாருக்கெல்லாம் குடுத்தீங்க?"

"பூக்கடை அக்காவுக்கு. கோயில் பண்டாரத்துக்கு. அப்புறம் நம்ம தேங்காய்க் கடை செல்வம்."

செல்வம் என்பதும் மாற்றிய பெயர்தான். அவன்தான் லலிதாவின் கணவன். நாலு கடை தள்ளி நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்தான். அவன் பொட்டலம் கல்லாவுக்குப் பக்கத்தில் பிரிக்காமல் கிடந்தது. பாயிடம் இன்னொரு பொட்டலம் கேட்டேன், பிளாஸ்டிக் பையில்.

"என்னா தலைவரே, பதவி போனதும் வெத்தலை டெலிவரியா?" என்று சிரித்தான் செல்வம்.

"பாய் உனக்கு அழுகல் கட்டைக் குடுத்துட்டாராம். மாத்திக் குடுக்கச் சொன்னாரு. அதை இப்படிக் குடு."

"அதுக்கு நீங்களா வரணும்? பாய்க்குக் கால் இல்லையா?" என்று பொட்டலத்தைத் தூக்கினான். தூக்கியவன் திருப்பிப் பார்த்தான். வெளியே தெரிந்தது வெறும் வெள்ளைப் பின்பக்கம். என் கையில் போட்டுவிட்டு, "அப்படியே ரெண்டு பாக்கும் எடுத்தாந்திருக்கலாம்ல" என்றான்.

படிக்கட்டுக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். உள்பக்கம் லலிதாவின் முகம். அதன் கீழே புளோக், மாடி, வீட்டு எண். மற்ற இரண்டையும் அரை மணி நேரத்தில் மீட்டேன்.

4. அறிக்கை

கட்டைக் கொண்டுபோய் வினோதாவின் மேசையில் வைத்தேன். நன்றி சொல்வார் என்று பார்த்தால், "ஐயா, நீங்க இப்ப கமிட்டியில இல்ல. பர்சனல் டேட்டாவை நீங்க தொடவே கூடாது லா" என்றார்.

"வெத்தலை தொடலாம், நான் தொடக்கூடாதா?" என்றேன்.

லலிதாவுக்கு நான்தான் நேரில் போய்ச் சொன்னேன். அவர் பாஸ்வேர்டைப் பற்றிக் கேட்கவில்லை. "எத்தனை பேர் கையில போச்சு ஐயா?" என்று மட்டும் கேட்டார். "பாய் கை, அவன் கை, என் கை. பாய் படிக்கலை, அவன் பிரிக்கலை" என்றேன். திங்கட்கிழமை அவர் மகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை; மறுநாள் அனுப்பினார். யார் கைக்கு எந்தத் தாள் போகிறது என்று கடைசிவரை சொல்லத் தெரிந்தவன்தான் காவலாளி. இதைச் சொல்லித்தர எந்த வகுப்பும் வேண்டாம்.

அடுத்த வாரம் உறுப்பினர்களுக்கு அறிக்கை வந்தது. "சில ஆவணங்கள் பொதுமக்களில் ஒருவரால் கண்டெடுக்கப்பட்டு உடனடியாகத் திருப்பித் தரப்பட்டன." பொதுமக்களில் ஒருவராம்! சங்கத்தைத் தொடங்கியவன் பொதுமக்களில் ஒருவன்!

அந்த அறிக்கையைத் திருத்த வேண்டும். மீட்டவர் மு. சின்னையா, சங்கத்தின் முதல் தலைவர் என்று போட வேண்டும். வாசல் மூலையில் தாள் வைக்கும் வழக்கத்தைத் தொடங்கியவரும், அதைப் புதிய மேலாளரிடம் சொல்லாமல் விட்டவரும் அதே சின்னையாதான் என்றும் போடுங்கள். எனக்கு வெட்கமில்லை. என் பங்கு முழுசாக, என் பெயரில் வர வேண்டும்.