சாருக்கென்று எடுத்து வைத்த பதினாறு பம்புகள்

1. கேட்டில் நின்ற லாரி

துடியலூரில் எங்கள் பம்பு கம்பெனியின் கேட்டில், பல்லடம் போகவேண்டிய லாரி நின்றுகொண்டிருந்தது. உள்ளே நானூறு பம்புகள் ஏற்றத் தயார். டெஸ்பாட்ச் பேப்பரில் க்யூ.சி., அதாவது தரப் பரிசோதனைக் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அந்தக் கையெழுத்தைப் போடவேண்டிய ஆள் பாத்ரூமில் நின்று, போனில் ‘டி டெஸ்ட் எப்படிச் செய்வது’ என்று தேடிக்கொண்டிருந்தான். அது நான்தான். க்யூ.சி. இன்சார்ஜ் ஆகி அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

காலையில் பல்லடத்து டீலர் மோகன் அண்ணன் போன் செய்திருந்தார். இந்த நானூறுடன் ஒன்றாகத் தயாரான அதே லாட்டில் முன்னால் போன பம்புகள் சில தோட்டங்களில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன.

“ஏனுங்க செந்திலு, போன தடவ வந்த பம்புல தண்ணி கம்மியா வருதுன்னு ரெண்டு தோட்டத்துக்காரங்க சொல்றாங்க. நெசமோ என்னமோ தெரியலீங்க. ஆனா இன்னும் நானூறு வந்து எறங்கி அதுலயும் கம்மின்னா, நான் பல்லடத்துல கடை தொறக்க முடியாதுங்க. பாத்துச் சொல்லிப்போடுங்க.”

முதலாளியம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைவாக இருந்திருக்கும்.

“நானூறுலயும் தண்ணி எவ்வளவு வருதுன்னு டிஸ்சார்ஜ் பாக்க நேரமில்லீங்க செந்தில். வண்டி சாயந்தரம் கெளம்போணும். அனுப்பலாமா வேண்டாமா, நீங்க சொன்னாச் செரி.”

“பாத்துச் சொல்றேனுங்க மேடம்” என்றேன். அதற்குப் பிறகுதான் பாத்ரூம்.

2. முதலில் நம்பிவிடுவது

படித்தபோது பயமுறுத்திய சங்கதி, வேலையில் ரொம்ப எளிமையானது. எங்கள் பம்பின் நேம் பிளேட்டில் நிமிடத்துக்கு நூறு லிட்டர் என்று அடித்திருக்கும். ‘இந்த லாட்டின் சராசரி நூறுதான்’ என்று முதலில் நம்பிக்கொள்ளவேண்டும். இதுதான் நல் ஹைப்பாதிசிஸ், தமிழில் இன்மைக் கருதுகோள். எதிர்க்கட்சி, ‘நூறுக்கும் கம்மி’ என்கிறது. பிறகு சாம்பிள் எடுத்துச் சராசரி பார்க்கவேண்டும். அது நூறுக்குக் கீழே வந்தால் மட்டும் போதாது. பம்புக்குப் பம்பு கொஞ்சம் ஏறி இறங்கத்தான் செய்யும். சராசரி நிஜமாகவே நூறாக இருந்தால் தற்செயலாக இவ்வளவு கீழே வருமா என்று கேட்கவேண்டும். நூற்றில் ஐந்து தடவைக்கும் குறைவாகத்தான் வரும் என்றால், நம்பிக்கையைக் கைவிடவேண்டும்.

பதினாறு பம்புகள் டெஸ்ட் பெஞ்சுக்கு வந்தன. சராசரி 99.8. பம்புகளுக்குள் இருந்த ஏற்ற இறக்கம், அதாவது ஸ்டாண்டர்ட் டீவியேஷன், 2. பதினாறுக்கு வர்க்கமூலம் நாலு. இரண்டை நாலால் வகுத்தால் அரை. நூறிலிருந்து விலகியது 0.2, அதை அரையால் வகுத்தால் டி மதிப்பு மைனஸ் 0.4. டி டேபிளில் பதினாறு பம்புக்கு எல்லை மைனஸ் 1.753; அதற்கும் கீழே போனால்தான் நம்பிக்கையைக் கைவிடவேண்டும். எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை.

எனக்கு உயிர் வந்தது. பேனாவைத் திறந்தேன். இந்த இடத்தில் பெரும்பாலானவர்கள் தவறுவார்கள். ‘நூறு இல்லை என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை’ என்பதும் ‘நூறு என்று நிரூபணமாகிவிட்டது’ என்பதும் ஒன்றல்ல. எனக்கு அது தெரியும். தெரிந்தே, ‘பம்பு பிரமாதம்’ என்று மேடத்திடம் சொல்லும் வசனத்தை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன்.

அப்போதுதான் அந்த 2 உறுத்தியது. பழைய ரெஜிஸ்டரில் அது எப்போதும் நாலையொட்டித்தான் இருந்தது. எங்கள் பம்புகள் அவ்வளவு ஒழுக்கமானவை அல்ல. பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். பதினாறும் துடைத்துவிட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பியவைபோல் நின்றன.

3. உபசாரம்

டெஸ்ட் பெஞ்சைப் பார்த்துக்கொள்பவர் பழனிச்சாமி. என்னைவிட மூத்தவர்.

“பழனிச்சாமிண்ணா, இதெல்லாம் எங்கிருந்து எடுத்தீங்க?”

“ஏனுங்க சார், செரியில்லீங்களா?”

“ரொம்பச் செரியா இருக்குது. அதான் பயமா இருக்குதுங்க.”

“புது சாருக்கு சாம்பிள்னு சொன்னாங்க. தண்ணி கசியுதான்னு லீக் டெஸ்ட்டுல ஓட்டறப்ப ப்ரெஷர் கேஜ் முள்ளு நல்லா ஏறுனதாப் பாத்து உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சனுங்க. உங்களுக்குப் போயிக் கண்டதையும் குடுக்க முடியுங்களா?”

அவர் ஏமாற்றவில்லை. வீட்டுக்கு வந்தவருக்குத் தீய்ந்த தோசையைத் தட்டில் வைக்காத ஊர் இது. பம்பிலும் அதையே செய்திருக்கிறார். நான் ஆய்வு செய்தது லாட்டை அல்ல, பழனிச்சாமியண்ணனின் மரியாதையை. அதில் குறையே இல்லை.

ஒவ்வொரு பம்பின் சீரியல் நம்பரையும் சீட்டில் எழுதி, அவர் மதியச் சாப்பாடு கொண்டுவரும் சோத்துப் போசியைக் கழுவித் துடைத்து அதில் போட்டோம். போசி சின்னது, நானூறு சீட்டு வழிந்தது. கேன்டீனிலிருந்து அண்டா வந்தது. குலுக்கிப் பதினாறு சீட்டு எடுக்கச் சொன்னேன்.

“சார், இதுல பெயிண்ட் உரிஞ்சது ஒண்ணு வந்துருக்குது. மாத்திரட்டுங்களா?”

“மாத்தாதீங்கண்ணா.”

“பாக்க நல்லாயில்லீங்க சார்.”

“நானுந்தான் பாக்க நல்லாயில்ல. விட்டுருங்க.”

இந்தத் தடவை சராசரி 97.6, டீவியேஷன் 4, டி மைனஸ் 2.4. எல்லை தாண்டிவிட்டது. என் பேனாவை மூடினேன்.

விஷயத்தைச் சொன்னதும் முதலாளியம்மா கேட்டார்: “அப்ப நிச்சயமாக் கம்மிங்களா?”

“நிச்சயம்னு சொல்ல முடியாதுங்க மேடம். சராசரி நூறா இருந்திருந்தா, இவ்வளவு கீழ வர்றது நூத்துக்கு ரெண்டு தடவகூட நடக்காதுங்க.”

“நல்ல லாட்ட நாம நிறுத்திப்போடற வாய்ப்பும் இருக்குது.”

“இருக்குதுங்க.”

ஜன்னல் வழியாக லாரியைப் பார்த்தார்.

“நல்லத நிறுத்துனா ரெண்டு நாள் தாமதம். கெட்டத அனுப்புனா மோகன் கடைய மூடோணும். லாரியத் திருப்பி அனுப்பிச்சுருங்க.”

பம்புகளைப் பிரித்துப் பார்த்தோம். ஒரு லேத்தின் செட்டிங் நகர்ந்து, அது தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர்களை அளவுக்கு மேல் கடைந்திருந்தது. விட்டம் குறைந்தால் தண்ணீர் குறையும். அளவு குறைந்த இம்பெல்லர்களை எல்லாம் மாற்றினோம். மறுபடி அண்டா, மறுபடி சீட்டு. இந்தத் தடவை சராசரி நூறையொட்டி வந்தது; ஸ்டாண்டர்ட் டீவியேஷனும் வழக்கமான ஒழுங்கீனத்துடன் இருந்தது. நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டேன்.

4. பல்லடத்தில்

ஃபார்முலா எல்லாம் போனிலேயே கிடைக்கும், பாத்ரூமில்கூடக் கிடைக்கும். சாம்பிளை யார் எடுத்தார், யாருக்கென்று எடுத்தார் என்பது எந்த டேபிளிலும் இருக்காது. அதை நேரில் போய்த்தான் கேட்கவேண்டும். நான் கற்றது இவ்வளவுதான்.

நானூறும் போய்ச் சேர்ந்த பிறகு, தோட்டங்களில் பம்பு எப்படி ஓடுகிறது என்று பார்க்கப் பல்லடம் போனேன். மோகன் அண்ணன் கடை வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் பழைய கவலை இல்லை.

“வாங்க செந்திலு. நீங்க வாரீங்கன்னு, நல்லாத் தண்ணி கொட்டற தோட்டமாப் பாத்து மூணு சொல்லி வெச்சிருக்கேனுங்க. எளநிகூட வெட்டி வெச்சிருப்பாங்க.”

“எளநிக்கு அங்கயே போலாமுங்கண்ணா. அதுக்கு முன்னால, பம்பு வாங்குன எல்லாரு பேரையும் சீட்டுல எழுதுங்க. கடையில அண்டா இருக்குதுங்களா?”